இருங்காட்டுக்கோட்டையை மறைத்த பெருமை

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தைப் புகழ்ந்து, அதை மீண்டும் நடத்த வேண்டும் என்று எழுதியிருக்கும் கட்டுரையாளர், எதிர்த்தவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடுகிறார். அரசு எதைச் செய்தாலும் குறை காணும் அரசியல்காரர்கள் ஒரு வகை. எஞ்சின் சத்தம் கேட்டாலே முகம் சுளிக்கும் பழமைவாதிகள் இன்னொரு வகை. மோட்டார் பந்தயத்தை நேசிப்பவனே அதை எதிர்க்கக்கூடும் என்பது அவர் கணக்கில் இல்லை. நான் அந்த மூன்றாவது வகை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் வெயிலில், பாதி காலியாகக் கிடக்கும் கேலரியில் உட்கார்ந்து பந்தயம் பார்த்து வளர்ந்தவன். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னை நடுவே நடந்ததை நான் எதிர்ப்பது இந்த விளையாட்டின் பக்கம் நின்றுதான். அவருடைய கட்டுரை அந்த விளையாட்டைப் பற்றி எவ்வளவு குறைவாக அறிந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நேப்பியர் பாலத்தின் மேல் விளக்கொளியில் கார்கள் சீறிப் பாய்ந்த காட்சி அழகாகத்தான் இருந்தது. 3.5 கிலோமீட்டர் நீளம், 19 வளைவுகள், இருபுறமும் கான்கிரீட் தடுப்பு. அந்தச் சாலையில் வண்டியை நிலைநிறுத்தி ஓட்டிய ஒவ்வொரு இளைஞனும் பாராட்டுக்குரியவன். இந்தியாவில் இரவில் நடந்த முதல் தெருப் பந்தயம் அது என்பதும் உண்மை. ஆனால் ஒரு காட்சி அழகாக இருந்தது என்பதற்காக அதற்கு அடுக்கப்பட்ட பொய்யான காரணங்கள் மெய்யாகிவிடாது.

உலகமே சென்னையைத் திரும்பிப் பார்த்தது என்கிறார். மொனாக்கோவையும் சிங்கப்பூரையும் துணைக்கு அழைக்கிறார். அந்த இரு ஊர்களிலும் நடப்பது ஃபார்முலா 1. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் வருகிறார்கள், அவர்களைப் பார்க்கக் கண்டம் தாண்டி ரசிகர்கள் வருகிறார்கள். சென்னையில் நடந்தது ஃபார்முலா 4. கோ-கார்ட் ஓட்டிப் பழகிய பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் ஏறும் படி அது. சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏ 2014-ல் அந்தப் பிரிவை உருவாக்கியதே குறைந்த செலவில் இளையோர் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக. உலகம் முழுக்க ஃபார்முலா 4 பந்தயங்கள் பெரும்பாலும் நிரந்தரத் தடங்களில், பெற்றோரும் பயிற்சியாளர்களும் பார்க்க, சத்தமில்லாமல் நடக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடுத்தெருவில் திருவிழாவாக்கிவிட்டு, இதுதான் சிங்கப்பூர் என்று வாசகரை நம்பச் சொல்வது நேர்மையான எழுத்து இல்லை.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 2008 முதல் மரீனா பேயில் நடக்கும் அந்தப் பந்தயத்தின் செலவில் 60 விழுக்காட்டை அரசு ஏற்றுக்கொண்டது. அதே அரசு, பந்தய நாட்களில் லாபம் பார்க்கும் ஓட்டல்களிடம் அறை வருமானத்தில் தனித் தீர்வை வசூலிக்கவும் செய்தது. பயன் பெறுகிறவன் பணம் கட்டுகிறான். வெளிநாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். சென்னையில் இப்படி ஏதாவது ஏற்பாடு உண்டா? ஓட்டல்களிடம் தீர்வை வாங்கினோமா? பந்தயம் பார்க்கவென்றே விமானம் ஏறி வந்தவர் எத்தனை பேர்? சுற்றுலா வளர்ந்தது என்று மூன்று இடங்களில் எழுதும் கட்டுரையாளர் ஓர் எண்ணைக்கூடத் தரவில்லை.

என்னை மிகவும் கோபப்படுத்தியது அவருடைய அடுத்த வாதம். இந்தப் பந்தயத்தால்தான் தமிழ்நாட்டில் மோட்டார் விளையாட்டுக்கு விடிவு பிறந்ததாம். எழுதுவதற்கு முன் இந்த ஊரின் வரலாற்றை ஒரு முறையாவது புரட்டியிருக்கலாம்.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது 1953-ல். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் கிடந்தது. அதில்தான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓட, நகரத்திலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் போய்ப் பார்த்தார்கள். யாரும் எந்தச் சாலையையும் மூடவில்லை. அந்த ஓடுதளம் போதாது என்று ஆனபோது, அதே சங்கம் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் ஒன்றை அமைத்து 1990-ல் திறந்தது. 3.7 கிலோமீட்டர். இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படுகிறது. சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம், பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே போய்விடலாம்.

கோயம்புத்தூரின் பங்கு இன்னும் பெரியது. எஸ். கரிவர்தன் என்ற மனிதர் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை இங்கேயே வடிவமைத்தார். ஃபிஸ்மி, ஃபார்முலா மாருதி என்றெல்லாம் அதைச் சொல்வார்கள். வெளிநாட்டுக் கார் வாங்க வழியில்லாத காலத்தில், இந்திய இளைஞன் ஒருவன் ஃபார்முலா காரில் உட்கார முடிந்தது அவரால். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோவை நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில், ஃபிஸ்மி காரில். அவர்தான் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1-ஐத் தொட்ட முதல் இந்தியர் ஆனார். இரண்டாமவர் கருண் சந்தோக், 2010-ல். அவரும் சென்னைக்காரர், அவரும் ஃபார்முலா மாருதி வழியாக ஏறியவர். இந்தியா முழுக்க இன்றுவரை ஃபார்முலா 1 ஓட்டிய இருவருமே தமிழ்நாட்டுத் தடங்களில் தொடங்கியவர்கள். இதில் எதற்கும் ஒரு வரி இல்லாமல், 2024-ல்தான் விடிந்தது என்று எழுதுவது, எழுபது ஆண்டு உழைத்தவர்களை அவமதிப்பது. மெக்கானிக்குகள், மார்ஷல்கள், சொந்தக் காசைப் போட்டு வண்டி கட்டியவர்கள் என்று எத்தனையோ பேரின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது.

அவர் மறைக்கும் இன்னொரு செய்தி இது. தீவுத்திடல் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு, 2024 ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் அதே தொடர் எங்கே நடந்தது? இருங்காட்டுக்கோட்டையில். அதே கார்கள், அதே அணிகள், அதே ஓட்டுநர்கள். 2023 டிசம்பர் 9, 10-ல் தீவுத்திடலில் நடக்கவிருந்த பந்தயம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் நின்றுபோனபோது தொடரைத் தாங்கிப் பிடித்ததும் அந்தத் தடம்தான். ஆக, நகருக்குள் சாலையை மூடாவிட்டால் சென்னையில் பந்தயமே இல்லை என்ற எண்ணத்தை அவர் வாசகர் மனத்தில் விதைப்பது உண்மையை மறைத்துத்தான்.

இளம் ஓட்டுநர்களுக்குத் தெருப் பந்தயம் தனி அனுபவம் என்பார்கள். அனுபவம்தான். ஆனால் பயிற்சி வேறு. பந்தய ஓட்டுநருக்கு வேண்டியது தடத்தில் கழிக்கும் நேரம். ஒரே வளைவை நூறு முறை எடுத்து, எங்கே பிரேக் மிதிப்பது, எங்கே விடுவது என்று உடம்பிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் கார் ஓடி நிற்பதற்குப் புல்வெளியோ சரளைப் படுகையோ வேண்டும். அப்போதுதான் அடுத்த சுற்றில் மறுபடி முயன்று பார்க்க முடியும். தெருத் தடத்தில் அந்த இடமே கிடையாது. தவறு செய்தால் சுவர். கார் உடைந்தால் அவனுடைய வார இறுதி அதோடு முடிந்தது, பழுதுக்கான செலவு அவன் குடும்பத்தின் தலையில். மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்த்தி ஓரம் சரித்துப் போட்ட சாலை, நடுவே மேன்ஹோல் மூடிகள், பாலத்தின் ஏற்ற இறக்கம் என்று எல்லாவற்றையும் சில நாட்களுக்குச் சரிக்கட்ட வேண்டும். பணத்துக்குக் குறைவே இல்லாத லாஸ் வேகாஸில், 2023 நவம்பரில், முதல் பயிற்சி ஓட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் சாலையில் இருந்த ஒரு தண்ணீர் வால்வு மூடி பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியைக் கிழித்துவிட்டது. அது ஃபார்முலா 1. நாம் அந்த ஆபத்துக்குள் இறக்கியது பதினாறு வயதுப் பிள்ளைகளை.

சென்னையிலும் என்ன நடந்தது? ஆகஸ்ட் 31 அன்று மழை. எஃப்ஐஏவின் பாதுகாப்புச் சான்றிதழ் நண்பகலுக்குள் வந்தாக வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்றம் வைத்த கெடு. வரவில்லை. அரசு நீதிமன்றத்திடம் கூடுதல் நேரம் கேட்டது. அந்த நாளின் நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. சாலையைப் பந்தயத் தடமாக மாற்றும் வேலை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை அந்த ஒரு நாளே காட்டியது. கட்டுரையாளர் இதை அதிகாரிகளின் சாதனையாக எழுதுகிறார். கடைசி நேரத்தில் கிடைத்த பாதுகாப்புச் சான்றிதழைக் கொண்டாடுவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பாதுகாப்பு என்று எழுதும்போதே கை நடுங்குகிறது. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத்தில் ஓடிய 59 வயது மூத்த வீரர் ஒருவர் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடிய 13 வயதுச் சிறுவன் இறந்தான். பதின்மூன்று வயது. அந்த ஆகஸ்டிலேயே தீவுத்திடல் பந்தயம் அறிவிக்கப்பட்டது. விளையாட்டின் மீது அக்கறை கொண்ட ஓர் அரசு அந்த மாதத்தில் எதைப் பேசியிருக்க வேண்டும்? சிறுவர்கள் எந்த வயதில், எந்தத் திறனுள்ள வண்டியை, எந்தப் பயிற்சிக்குப் பிறகு ஓட்டலாம் என்று பேசியிருக்க வேண்டும். தடங்களில் அவசர சிகிச்சைக்கு அரசு என்ன தர முடியும் என்று பேசியிருக்க வேண்டும். நாம் பேசியது நேப்பியர் பாலத்தின் விளக்குகளை. அந்த இரண்டு சாவுகள் கட்டுரையாளருடைய பக்கங்களில் எங்கும் இல்லை. விளையாட்டை நேசிப்பதாகச் சொல்பவர் எப்படி இதைத் தாண்டிப் போனார்?

செலவு சொற்பம், பெரும்பகுதி தனியார் போட்டது என்கிறார். உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்ட அரசுப் பங்கு 42 கோடி ரூபாய். தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் அது சிறிய தொகைதான். தமிழ்நாட்டின் மோட்டார் விளையாட்டுக்கு அது சிறிய தொகையா? மாவட்டத்துக்கு ஒன்றாகக் கார்ட்டிங் தடம் தேடி அலையும் விளையாட்டு இது. இரண்டு இரவுக்குப் பின் கழற்றி அடுக்கப்பட்ட தடுப்புகளையும் வேலிகளையும், என்றைக்கும் இருக்கும் ஒரு தடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். போட்ட சாலை மக்களுக்கே மிஞ்சியது என்பதும் சமாதானம் ஆகாது. காமராஜர் சாலையும் கொடிமரச் சாலையும் சிவானந்தா சாலையும் இந்த நகரில் ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தவை. புது தார் வேண்டிய தெருக்கள் எவை என்று வடசென்னையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நீதிமன்றமே அனுமதித்தது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. சட்டம் தடுக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். செய்யத் தகுந்ததா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம். ஆம்புலன்ஸ் எதுவும் நிற்கவில்லை என்று அவர் பெருமைப்படுவதும் அப்படித்தான். ஓமந்தூரார் அரசு மருத்துவமனை தடத்தை ஒட்டியே இருக்கிறது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை கூப்பிடு தூரத்தில். அசம்பாவிதம் நேரவில்லை என்பதில் எனக்கும் நிம்மதி. அது போக்குவரத்துக் காவலர்களின் உழைப்பு. மருத்துவமனை வாசலைப் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுத்த முடிவை அது நியாயப்படுத்தாது.

பிற நகரங்களைப் பாருங்கள் என்று அவர் அழைக்கிறார். பார்ப்போம். பக்கத்திலேயே ஐதராபாத். 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் 2.8 கிலோமீட்டர் தெருத் தடத்தில் மின்சாரக் கார்கள் ஓடும் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது. ழான்-எரிக் வெர்ன் வென்றார். அப்போதும் உலகம் திரும்பிப் பார்த்தது என்றே எழுதினார்கள். ஆண்டு முடிவதற்குள் ஆட்சி மாறியது. 2024 ஜனவரியில் அடுத்த பந்தயம் ரத்தானது. அந்த ஆண்டு டிசம்பரில், பந்தயத்துக்காகச் செலுத்திய சுமார் 55 கோடி ரூபாய் குறித்து ஊழல் தடுப்புப் பிரிவு முன்னாள் அமைச்சர் மீது வழக்குப் பதிந்தது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் வேலை. விளையாட்டுக்கு மிஞ்சியது என்ன என்பதுதான் என் கவலை. ஒரே ஒரு பந்தயம். ஆட்சியாளரின் விருப்பத்தால் முளைக்கும் தெருத் தடம் அவர் நாற்காலியோடு போய்விடுகிறது.

மாண்ட்ரியால் இன்னும் நெருக்கமான உதாரணம். அந்த ஊரில் ஃபார்முலா 1 நடக்கும் ஜில் வில்னெவ் தடம் தீவொன்றில் ஏற்கெனவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு 2017 ஜூலையில் மேயர் தெனி கொதெர் நகர மையத்தின் தெருக்களை அடைத்து ஃபார்முலா இ நடத்தினார். குடியிருப்போர் வாரக்கணக்கில் தவித்தார்கள். டிக்கெட்டுகளில் ஆயிரக்கணக்கானவை இலவசமாக வினியோகிக்கப்பட்டவை என்பது தேர்தல் நெருங்கும்போது வெளியே வந்தது. நவம்பரில் மேயர் தோற்றார். புதிய மேயர் வலெரி ப்ளான்ட் அடுத்த ஆண்டுப் பந்தயத்தை ரத்து செய்தார். ஸ்பெயினின் வலென்சியாவிலும் இதே கதை. ஊருக்கு வெளியே செஸ்தேயில் 1999 முதல் நல்ல நிரந்தரத் தடம் இருக்க, துறைமுகத்தைச் சுற்றித் தெருத் தடம் அமைத்தார்கள். 2008 முதல் 2012 வரை ஐந்து பந்தயங்கள், பிறகு பாழ். செஸ்தேயில் மட்டும் மோட்டார் சைக்கிள்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கையில் ஒரு களம் இருக்கும்போதே காட்சிக்காக இன்னொன்று கட்டிய ஊர்கள் இவை. சென்னையை ஒப்பிட வேண்டியது இவற்றோடு.

கடைசியாக, அவர் மிக உருக்கமாக எழுதியிருக்கும் பகுதி. கடற்கரைச் சாலையில் இரவில் பைக் ரேஸ் விட்டு உயிரை விடும் பையன்களுக்கு இந்தப் பந்தயம் நல்வழி காட்டுமாம். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. காமராஜர் சாலையில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கும் வியாசர்பாடிப் பையனிடம் அரசு எந்த வழியைக் காட்டியது? அவன் விரட்டப்பட்ட அதே சாலையில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் காவலர் பாதுகாப்போடு வேகமாக ஓட்டுவதைத் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தான். அவ்வளவுதான். பந்தய உரிமம் வாங்குவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கார்ட்டிங்கில் ஒரு பருவம் ஓட்ட அவன் வீட்டின் பல ஆண்டு வருமானம் வேண்டும். டூ வீலர் மெக்கானிக் கடையில் வேலை பார்க்கும் அவனுக்கு எஞ்சினைப் பற்றி, ஃபார்முலா 4 ஓட்டும் பலரைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். அந்த அறிவுக்கு இந்த விளையாட்டில் ஒரு வாசல்கூடத் திறக்கப்படவில்லை.

திறப்பது கடினமும் இல்லை. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தை மாதத்தில் ஒரு நாள் அரசு வாடகைக்கு எடுக்கலாம். ஹெல்மெட்டும் தோல் உடையும் பயிற்சியாளரும் தந்து, குறைந்த கட்டணத்தில் அந்தப் பையன்களை அங்கே ஓடவிடலாம். பூந்தமல்லியிலிருந்து பந்தய நாட்களில் மாநகரப் பேருந்து விடலாம். கோவையிலும் சென்னையிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார்ட்டிங் பயிற்சி தரலாம், பாலிடெக்னிக் மாணவர்களை அணிகளின் பட்டறைகளுக்கு அனுப்பலாம். இந்திய ஃபார்முலா 4 தொடரின் 2023 சாம்பியன் ஆஸ்திரேலியரான கூப்பர் வெப்ஸ்டர், 2024 சாம்பியன் தென்னாப்பிரிக்கரான அகில் அலிபாய். திறமைசாலிகள், தகுதியோடு வென்றவர்கள். அவர்களோடு மோத நம் பிள்ளைகள் போதுமான எண்ணிக்கையில் இல்லாததற்குக் காரணம் அடித்தளத்தில் இருக்கிறது. அது மின்விளக்கு வெளிச்சத்தில் தெரியாது.

2025-ல் தீவுத்திடலில் தடுப்புகள் எழவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் அதே தொடரின் சென்னைச் சுற்று இருங்காட்டுக்கோட்டையில் நடந்தது. கார்கள் ஓடின, புள்ளிகள் வழங்கப்பட்டன, சாம்பியன்ஷிப் தொடர்ந்தது. நகரத்தில் எந்தச் சாலையும் மூடப்படவில்லை. பந்தயத்துக்கு எது குறைந்தது என்று கட்டுரையாளர் பதில் எழுதட்டும். எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேலரியில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், இடம் நிறையவே இருக்கிறது.